அந்தக் கத்தியைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் இருக்கும் பழைய கத்தியைப் பற்றி ஞாயிறு இணைப்பில் படத்தோடு போட்டிருந்தீர்கள். அலகில் அரபி எண்ணில் 1238 என்று இருக்கிறதாம், அதை வைத்து மூன்றாம் ராஜராஜன் காலத்துச் சோழர் வாள் என்று தலைப்பே கொடுத்துவிட்டீர்கள். சோழர் ஏன் அரபியில் தேதி வெட்டப் போகிறார்? அது இஸ்லாமியர் கணக்கான ஹிஜ்ரி ஆண்டு சார். நம் கணக்குக்கு 1822-23 வரும், தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி இருந்த காலம்.

படம் தெளிவாக இருப்பதால் கத்தி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம். பிடியின் முனை இரண்டு காதாக விரிந்திருக்கிறது, கைக்குக் காவலாகக் குறுக்குக் கம்பி இல்லை, அலகு கூர்ப் பக்கமாகவே வளைந்து நுனிக்கு வரும்போது நிமிர்கிறது. இது யாத்தகான். துருக்கி சுல்தானின் ஜானிசரி படையினர் இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்ட ஆயுதம். அந்தப் படையை 1826-ல் கலைத்துவிட்டார்கள், ஆனால் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் யாத்தகான் அதற்கப்புறமும் புழக்கத்தில் இருந்தது, போஸ்னியாவில் ஃபோச்சா, சரயேவோ பட்டறைகள் இதற்குப் பேர்போனவை. அலகு நேராக இருந்திருந்தால் பிச்சாக் என்று சொல்லியிருப்பேன், அது வேறு ரகம். வெளிநாட்டு இரும்பு நம்மூருக்கு வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை, தஞ்சாவூர்க் கட்டாரிகளிலேயே ஐரோப்பிய அலகு பொருத்தியவை உண்டு.

சரி, பெயர் தப்பானால் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்ததே கட்டுரையின் கடைசிப் பத்திக்காகத்தான். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே! அந்த எழுத்து அலகில் வெள்ளிக் கம்பியைப் பதித்து எழுதியது. புளித்தண்ணீர் அடியில் இருக்கும் இரும்பை அரிக்கும், வெள்ளி கிளம்பிவிடும், மிச்சத்தைச் செங்கல் பொடி வழித்துவிடும். தேதியும் போய், செய்தவர் பெயர் இருந்தால் அதுவும் போய், பளபளவென்று ஒரு மொட்டைக் கத்தி கையில் நிற்கும்.

வளைவைப் பார்த்து அரிவாள் என்று எண்ணி அந்த வீட்டில் குலசாமியோடு வைத்துக் கும்பிடுகிறார்கள் போல. ஆயுத பூஜைக்கு நுனியில் எலுமிச்சம்பழம் குத்துவார்கள் என்று உங்கள் நிருபரே எழுதியிருக்கிறார். படத்தில் நுனிப் பக்கம் மட்டும் ஏன் குழிகுழியாக அரித்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. பழத்தைப் பக்கத்தில் வையுங்கள், சந்தனம் குங்குமத்தைப் பலகையில் இடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கருப்பும் பழுப்புமாகப் படிந்திருக்கும் படலத்தைத் தொடவே கூடாது. பொடிப்பொடியாகச் சிவப்புத் துரு இருந்தால் மட்டும், எழுத்தை விட்டுவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு மூங்கில் சிம்பால் மெதுவாகச் சுரண்டிப் பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்காகிவிடும். உப்புத்தாள், சாணைக்காரர் இரண்டையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பிடியில் தண்ணீர் பட்டால் இன்னும் மோசம்: இருபக்கமும் எலும்போ கொம்போ வைத்து ஆணி அடித்திருப்பார்கள், ஈரம் உள்ளே போனால் நடுவில் இருக்கும் இரும்பு துருப்பிடித்து உப்பும், எலும்பு விரியும். அதில் பொடிக் கருப்புக் கோடுகள் தெரிந்தால் எலும்பு, வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு தெரிந்தால் யானைத் தந்தம், அதை விற்கவும் முடியாது. அப்புறம் தோல் உறை. நம் டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் அப்பளமே நமத்துப்போகிறது, தோல் உறிஞ்சும் ஈரம் முழுக்க அலகுக்குத்தான் போகும். கத்தியைத் துணியில் சுற்றித் தனியாகவும் உறையைத் தனியாகவும் வைக்க வேண்டும்.

யாராவது வந்து வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஆசை காட்டினால் அவர்களை அப்படியே அனுப்பிவிடச் சொல்லுங்கள், நூறு வருடம் தாண்டிய பொருளைத் தனியார் வெளியே அனுப்ப 1972-ம் வருடச் சட்டம் இடம் தரவில்லை.

திருத்தத்தை ஆயுத பூஜைக்கு முன்னாலேயே போட்டால் நல்லது. முடிந்தால் நிருபரை இன்னொரு தடவை அனுப்பி அலகின் மறுபக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், செய்தவர் பெயரோ வைத்திருந்தவர் பெயரோ அதில் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்