ஒரு லேப்டாப்பில் நான்கு மேசை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமங்கலம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே பதினெட்டு வருடமாக மனு அடித்துக் கொடுக்கிறேன். என் லேப்டாப் 2015-இல் வாங்கியது, 4 ஜிபி ரேம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தபோது, பழுது பார்க்கும் கடையில் “இதுல பதினொன்னு ஏறாதுக்கா, புதுசு வாங்கிடுங்க” என்றார்கள். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை, அது சரிதான். ஆனால் நன்றாக ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தாள். பழைய கணினிக்கு அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் (திரை அமைப்பு) இலகு என்றாள். முதல் மூன்று நாள் தடுமாறினேன். சி டிரைவ், டி டிரைவ் என்ற எழுத்தே இங்கே கிடையாது. நம் ஃபைல் எல்லாம் ‘ஹோம்’ ஃபோல்டருக்குள். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்ததும் கை பழையபடி ஓடியது. பென்டிரைவை ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கி ஒருவருடைய மனுவை மட்டும் இழந்தேன். எழுதியது முழுவதும் பென்டிரைவுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எடுத்துவிட்டேனாம்.

அப்புறம்தான் ‘வொர்க்ஸ்பேஸ்’ தெரியவந்தது. ஒரே திரையில் நான்கு மேசை வைத்திருப்பது போல. பட்டா மாறுதலுக்கு வந்தவர் ஜெராக்ஸ் எடுக்கப் போனால், கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டுவேன்; முதியோர் உதவித்தொகை பாட்டியின் மனு வந்துவிடும். அவர் திரும்பி வந்ததும் இடது அம்புக்குறி. விட்ட வரியிலேயே கர்சர் நிற்கும். முன்பெல்லாம் ஒருவருடைய ஆதார் நகல் அடுத்தவர் கண்ணில் படும். ஒருமுறை ஒருவருடைய சர்வே எண்ணை நான் இன்னொருவருடைய மனுவில் அடித்துவிட்டேன்; அந்த மனிதர் இரண்டு மாதம் அலைந்தார். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

விண்டோஸ் 10-லும் இந்த வசதி இருந்ததாம். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், அம்புக்குறி. இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நான் படித்த கணினி மையத்தில் வேர்டும் எக்ஸெலும் கற்றுத் தந்தார்கள். சேமித்த ஃபைல் எங்கே போகிறது, ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுவது என்று கற்றுத் தரவில்லை. முதல் வாரப் பாடமாகவே இதை வைக்க வேண்டும்.

உங்கள் வார இணைப்பில் இவற்றைப் படத்தோடு, எளிய தமிழில் வெளியிடுங்கள். எங்கள் வரிசையில் இன்னும் ஐந்து பேர் மனு அடிக்கிறார்கள். வெட்டி எடுத்து அவரவர் மேசையில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
மனு தட்டச்சு செய்யும் வாசகி,
திருமங்கலம்