தண்ணீர் வற்றினால்தான் பூசணி, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இங்கே இல்லினாய் பியோரியாவில் குளிர் இறங்கிவிட்டது, வாசலில் மேப்பிள் பாதி சிவந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில், "ஹூஸ்டன்ல அக்டோபர் வந்ததே தெரியலப்பா, இன்னும் ஏசி ஓடுது" என்றாயே, அது மனதிலேயே நிற்கிறது. ஊர் ஞாபகத்துக்குத்தான் அந்தப் பூசணி லாட்டே காபியை வாங்கிக் குடிக்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது. காசு விஷயம் அம்மா சொல்லிவிட்டாள், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று கேட்டாய் பார், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதிவிடுகிறேன், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்.

முக்கியமானதை முதலில் சொல்கிறேன். பண்டமானாலும் சரி, குடிக்கிறதானாலும் சரி, பூசணியில் வேலை இரண்டுதான். சரியான காயாகப் பார்த்து வாங்க வேண்டும். அதிலுள்ள தண்ணீரை வற்றவைக்க வேண்டும். மசாலா எல்லாம் அதற்கு அப்புறம். வெளியே இதைத் தலைகீழாக ஆக்கிவிட்டார்கள். ஸ்டார்பக்ஸ் அந்த லாட்டேயைக் கொண்டுவந்தது 2003-இல். அதில் நிஜப் பூசணி சேர்ந்தது 2015-இல்தான். அதுவரைக்கும் பூசணி என்று ஜனங்கள் குடித்தது பட்டை, ஜாதிக்காய், கிராம்பு வாசனையை. பூசணிக்கு ருசியே கிடையாது, மசாலாதான் எல்லாம் என்று இங்கே நிறையப் பேர் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் என்கிற அமெரிக்கப் பெண்மணி அச்சிட்ட சமையல் புத்தகத்தில் பூசணிப் பைக்கு, அதாவது மாவு ஓட்டுக்குள் பூசணியை வைத்துச் சுடுகிற இனிப்புக்கு, இரண்டு செய்முறை இருக்கின்றன. ஒன்றில் ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. இன்னொன்றில் ஆல்ஸ்பைஸ் என்கிற மிளகு மாதிரியான மசாலாக் காயும் இஞ்சியும். இரண்டிலும் பட்டையும் இல்லை, கிராம்பும் இல்லை. பூசணியை நம்பிச் செய்திருக்கிறார்கள்.

சரி, காய்க்கு வருகிறேன். ஹாலோவீனுக்கு முகம் செதுக்குகிற பெரிய ஆரஞ்சுப் பூசணியைச் சமைக்க எடுக்காதே. விலை மலிவாக இருக்கும், ஆசைப்பட்டுவிடாதே. உள்ளே நாரும் தண்ணீரும்தான். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது செப்டம்பரில் பக்கத்து ஊர் மார்ட்டன் பூசணித் திருவிழாவுக்குக் கூட்டிப்போவோமே, 1967-இலிருந்து நடக்கிறது, அந்த ஊர் ஆலையில்தான் இந்த நாட்டில் கேனில் அடைக்கிற பூசணியில் பெரும்பகுதி தயாராகிறது. அங்கே கேனுக்குள் போவது ஆரஞ்சுப் பூசணியே கிடையாது. டிக்கின்சன் என்று ஒரு ரகம். தோல் வெளிர் பழுப்பு, நீளவாக்கில் உருண்டை, உள்ளே நல்ல ஆரஞ்சு, சதை கெட்டி. குக்குர்பிட்டா மாஸ்கேட்டா இனம். முகம் செதுக்குகிற பூசணி குக்குர்பிட்டா பெப்போ, அது வேறு. நம் கோபிப் பக்கம் வரப்போரம் கொடி ஓடிக் காய்க்கிற அரசாணிக்காய், மற்ற ஊரில் பரங்கிக்காய் என்பார்கள், இருக்கிறதே, அதுவும் இந்த மாஸ்கேட்டாதான். இங்கே வந்த புதிதில் கேனைத் திறந்து ஒரு கரண்டி வாயில் வைத்தபோது உன் ஆத்தா வைக்கிற அரசாணிக்காய்ப் பொரியல் நினைவு வந்தது. காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஹூஸ்டனில் டிக்கின்சன் முழுக்காயாகக் கிடைப்பது கஷ்டம். வருத்தப்படாதே, பட்டர்நட் ஸ்குவாஷ் வாங்கு, அதுவும் இதே இனம். அதைவிட நல்லது, உன் வீட்டுப் பக்கத்து மெக்சிகன் கடையில் கலபாசா என்று பெரிய காயைத் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். வெட்டிய முகம் அடர்ந்த நிறமாக, விரலால் அழுத்தினால் அமுங்காமல் இருக்கிற துண்டாகப் பார்த்து எடு. மினுமினுவென்று ஈரம் கோத்திருந்தால் விட்டுவிடு. எதுவும் அமையவில்லை என்றால் கேனையே வாங்கு, அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் மேலே 'பை ஃபில்லிங்' என்று போட்டிருக்கக் கூடாது, அதில் சர்க்கரையும் மசாலாவும் முன்பே கலந்திருக்கும். வெறும் பூசணி மட்டும் உள்ள கேன், 425 கிராம்.

காயை நெடுக்காக இரண்டாக வெட்டி, விதையைக் கரண்டியால் வழித்துத் தனியாக எடுத்து வை, தூக்கிப் போட்டுவிடாதே. வெட்டிய பக்கத்தில் எண்ணெய் தடவி, டிரேயில் கவிழ்த்து, ஓவனில் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும், தோல் சுருங்கி ஓரம் கருத்திருக்க வேண்டும். தண்ணீரில் மட்டும் வேகவைக்காதே. எந்தத் தண்ணீரை வெளியேற்றப் பாடுபடுகிறோமோ அதையே உள்ளே ஏற்றுவதாகிவிடும். ஆறியதும் சதையை வழித்து மிக்ஸியில் ஓட்டு.

இனிமேல்தான் யாரும் பொறுமையாகச் செய்யாத வேலை. அந்த விழுதை அகலமான வாணலியில் போட்டு, எண்ணெய் நெய் எதுவும் இல்லாமல் சிறு தீயில் கிண்டு. முதலில் தளதளவென்று கொதித்துத் தெறிக்கும், கை பத்திரம். வாசனையும் பச்சைக்காய் வாசனையாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தெறிப்பது அடங்கி, ஓரத்தில் மெல்லிசாகப் படிந்து காய ஆரம்பிக்கும், அதையும் சுரண்டி உள்ளே சேர். நிறம் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு இறங்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அல்வா கிண்டும்போது தெரிகிற மாதிரி வாணலியின் அடி தெரிந்து, கோடு மெதுவாக மூட வேண்டும். அப்போது ஒரு துளி நாக்கில் வைத்துப் பார். சர்க்கரை போடாமலேயே இனிக்கும், லேசாகக் கருகிய வாசமும் இருக்கும். அதுதான் பூசணியின் ருசி. கேன் பூசணியையும் இப்படி ஐந்து நிமிஷம் வாணலியில் புரட்டிவிட்டுப் போட்டுப் பார், தகரத்தின் வாடை போய்விடும்.

இந்த விழுது ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். மீதியைக் கால் கப், ஒரு கப் என்று அளந்து ஃப்ரீஸரில் வை. ஜாடியில் அடைத்துக் கொதிநீரில் போட்டு அலமாரியில் அடுக்கிவைக்கிற வேலை மட்டும் வேண்டாம் கண்ணு. ஆன்லைனில் சிலர் அப்படிச் செய்துகாட்டுகிறார்கள். பூசணியில் புளிப்பு இல்லை, விழுதோ கெட்டி, சூடு நடுவரைக்கும் ஒழுங்காகப் போகாது. உயிருக்கே ஆபத்தான விஷத்தை உண்டாக்குகிற போட்டுலிசம் கிருமி பிழைத்துக்கொள்ள அது போதும். மசித்த பூசணியை வீட்டில் அப்படி அடைக்கவே கூடாது என்று அமெரிக்க வேளாண்துறையே சொல்கிறது.

மசாலாவைக் கடையில் டப்பாவாக வாங்க வேண்டாம். பட்டைத்தூள் மூன்று டேபிள் ஸ்பூன், சுக்குத்தூள் இரண்டு டீஸ்பூன், ஜாதிக்காய் இரண்டு டீஸ்பூன், ஆல்ஸ்பைஸ் ஒன்றரை, கிராம்பு ஒன்று. எல்லோரும் கிராம்பும் ஒன்றரை போடுவார்கள், எனக்கு அது பல் டாக்டர் அறை வாசனையாக அடிக்கிறது, அதனால் குறைத்துச் சொல்கிறேன். சுக்கு அம்மா கொடுத்தனுப்பியதே இருக்கும். ஜாதிக்காயைத் தூளாக வாங்காதே, முழுசாக வாங்கி அவ்வப்போது துருவு, அந்த வித்தியாசம் மூக்குக்கு உடனே தெரியும். பட்டையில், இங்கே சாதாரணமாகக் கிடைப்பது கேசியா, தடித்த பட்டை, காரம் கூட. கேக்குக்கு அது சரி. பாலில் போட இலங்கைப் பட்டைதான், மெல்லிசாக அடுக்கடுக்காகச் சுருண்டு கையிலேயே நொறுங்கும்.

இப்போது உன் லாட்டே. ஒரு ஆளுக்கு அளவு சொல்கிறேன். சின்னப் பாத்திரத்தில் விழுது இரண்டு டேபிள் ஸ்பூன், பிரவுன் சுகர் ஒரு டேபிள் ஸ்பூன், மசாலா அரை டீஸ்பூனுக்கும் குறைவாக, ஒரு சிட்டிகை உப்பு. இதை மட்டும் முதலில் அடுப்பில் வைத்து, சர்க்கரை இளகி வாசனை எழும்பும் வரை கிளறு. அப்புறம் ஒரு கப் பால் ஊற்றி, ஓரத்தில் குமிழி வரும்வரை காய்ச்சி, நன்றாக அடித்து நுரைக்கவிடு. பாலில் நேராக மசாலாவைத் தூவினால் அது மிதந்து தொண்டையில் கரகரக்கும், அதனால்தான் இந்த வரிசை. வெல்லம் போட ஆசை என்றால் அடுப்பை அணைத்துச் சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு போடு, கொதிக்கும்போது போட்டால் பால் திரிந்துவிடும். காபிக்கு எஸ்பிரசோ மெஷின் எதுவும் வாங்காதே. உன்னிடம் பித்தளை ஃபில்டர் இருக்கிறது. சிக்கரி கலந்த தூளில் முதல் டிகாஷன் கெட்டியாக இறக்கு. சிக்கரியின் லேசான கசப்பும் பூசணியும் அவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன, என்னைக் கேட்டால் எஸ்பிரசோவைவிட இதுதான் மேல். வடிகட்டிக் குடிப்பதும் அப்படியே குடிப்பதும் உன் இஷ்டம்.

காலையில் ஆபீஸ் ஓட்டத்துக்கு பூசணி பிரெட் நல்லது. மைதா ஒன்றே முக்கால் கப், பேக்கிங் சோடா ஒரு டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை, உப்பு அரை, மசாலா இரண்டு டீஸ்பூன். தனியாக முட்டை இரண்டு, சர்க்கரை ஒரு கப், எண்ணெய் அரை கப், விழுது ஒரு கப், பால் கால் கப். இரண்டையும் சேர்த்து மாவு மறைகிற அளவுக்கு மட்டும் கலக்கு. 350 டிகிரியில் ஒரு மணி நேரம், குச்சி விட்டுப் பார்த்து எடு. முடிந்தால் அன்றே வெட்டாதே. மறுநாள்தான் ஈரம் பரவி, மசாலா அடங்கி, ருசி கூடியிருக்கும்.

விதையைச் சொல்ல வேண்டியதே இல்லை, உனக்குத் தெரியும். கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் பிசிறி 300 டிகிரியில் வறு. ஈரம் இருந்தால் மொறுமொறுப்பாக வராது.

இன்னொன்று. இலையுதிர்காலத்துக்கு என்று நீ மேப்பிள் மரத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நீ இருக்கிற ஊரில் அதற்கென்றே ஒரு பண்டம் இருக்கிறது. நவம்பர் முதல் இரண்டு நாளும் மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களை நினைத்துப் படையல் வைப்பார்கள் அல்லவா, அதற்குச் செய்வது கலபாசா என் டாச்சா. பூசணியைத் தோலோடு பெரிய துண்டாக வெட்டி, பிலோன்சியோ என்கிற கூம்பு வெல்லம், பட்டைக் குச்சி, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் தண்ணீர் எல்லாம் சேர்த்து மூடி வைத்துச் சிறு தீயில் வேகவிடுவது. பாகு கறுத்துக் கெட்டியாகி துண்டுகள் மினுங்க வேண்டும். ஆறிய பிறகு கிண்ணத்தில் போட்டு மேலே குளிர்ந்த பால் ஊற்றிச் சாப்பிடுவார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். பூசணி பிறந்த மண்ணே அவர்களுடையது, பல்லாயிரம் வருஷமாக அங்கே பயிராகிறது. நம் ஊருக்கு அது கடல் தாண்டி வந்து சில நூறு வருஷம்தான் ஆகிறது. கடைக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார், எந்தத் துண்டு நல்லது என்று அவரே எடுத்துக் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடு. தனியாக ஒரு ஊரில் இருக்கிறவள் இப்படி நாலு பேரோடு பழக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ வருகிறபோது பை செய்யலாம், அதற்கு விழுது இப்போதே ஃப்ரீஸரில் எடுத்து வைத்திருக்கிறேன். டிக்கெட் போட்டதும் சொல்லு, எந்த விமான நிலையம், ப்ளூமிங்டனா பியோரியாவா என்று பார்த்துக் கூப்பிட வருகிறேன். வரும்போது பிலோன்சியோ நல்லதாக நாலு கூம்பு வாங்கி வா, அம்மா அதிலேயே பணியாரம் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா