தோளைக் குறைக்கச் சொன்னார்களாம்

பந்தலூர்

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை. போனில் பேசினால் பாதியிலேயே “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உடற்கட்டுப் போட்டியில் தசை பெரிதாக நிற்கும் பிசிக் பிரிவை விட்டுவிட்டு, மெலிந்த உடம்பைக் கேட்கும் பிகினி பிரிவுக்குப் போகும்படி உன் பயிற்சியாளர் சொன்னாராமே. தோளும் தொடையும் இறங்க வேண்டும், ஸ்பான்சரும் விளம்பரமும் அங்கேதான் இருக்கின்றன என்றாராம். அதுவரை அவர் பிழைப்பைப் பேசியிருக்கிறார், பொய்யில்லை. “இதற்கு மேல் ஏறினால் பெண்மை போய்விடும்” என்றும் சொன்னார் பார், அதற்குத்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெண்மை என்ன அவர் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பொருளா?

நீ இறங்கியிருக்கும் துறையின் கதையை நீயே சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1980-இல் பெண்கள் உடற்கட்டின் பெரிய போட்டியான மிஸ் ஒலிம்பியா முதல்முறை நடந்தபோது ரேச்சல் மெக்லிஷ் வென்றார். மெலிந்த, இறுகிய உடம்பு. ஆகா ஓகோ என்று கொண்டாடினார்கள். மூன்று வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் பெவ் பிரான்சிஸ் லாஸ் வேகஸில் ஒரு போட்டிக்கு வந்தார். பவர் லிஃப்டிங்கில் உலக சாம்பியன். அன்று அந்த மேடையில் அவ்வளவு தசை வேறு யாரிடமும் இல்லை. கிடைத்ததோ எட்டாவது இடம். உடற்கட்டுப் போட்டியில் உடற்கட்டு அதிகமாகிவிட்டதாம்! விடாமல் உழைத்து 1991-இல் மிஸ் ஒலிம்பியா மேடைக்கு வந்தவர், லெண்டா மர்ரேயிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அடுத்த வருடமே, பெண்கள் மிகப் பெரிதாக இருக்கக் கூடாது என்று சர்வதேச உடற்கட்டுக் கூட்டமைப்பு விதி போட்டது. 2000-இல் முகமும் ஒப்பனையும் சருமமும் மதிப்பெண்ணுக்குள் வந்தன. 2004 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், தசை மிகுந்த பெண்கள் அதை 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்கள்.

அதே காலத்தில் ஆண்கள் போட்டியில் ரோனி கோல்மன் ஏறக்குறைய 130 கிலோ எடையுடன் மேடையேறிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இருபது வேண்டாம், இரண்டு விழுக்காடு குறை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இந்த 20 விழுக்காட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு உன் பாட்டியின் தேயிலைக் கொழுந்துச் சாக்குதான் ஞாபகம் வந்தது. இலங்கைத் தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பும் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவள் அவள். இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு சரிவில் நாளெல்லாம் பறிப்பாள். பிறகு ஈரக் கொழுந்து நிறைந்த சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு வருவாள். கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு புடைத்திருக்கும். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை ஏறி, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கறுப்பு போகாது. எடை போடுகிறவர் முள்ளைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், ஈரத்துக்கு என்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். மழை இல்லாத நாளிலும் கழித்ததுண்டு. அந்தக் கழுத்தையும் தோளையும் பார்த்து உன் பாட்டிக்குப் பெண்மை போய்விட்டது என்று இந்த மலையில் ஒருவரும் சொன்னதில்லை. கூலிக்குச் சுமந்த வரைக்கும் யாருக்கும் உறுத்தவில்லை. நீ அதே தோளை விளக்கு வெளிச்சத்தில் பெருமையாகக் காட்டினாய், அத்தை முதல் அடுத்த வீடு வரை எல்லோருக்கும் உறுத்துகிறது.

மறுபடி மேடைக் கதைக்கு வருகிறேன். பெரிய உடம்புப் பிரிவை நேரடியாக மூடாமல், பக்கத்தில் புதுப்புதுக் கடைகளைத் திறந்தார்கள். ஒலிம்பியா மேடையில் 1995-இல் ஃபிட்னஸ், 2003-இல் ஃபிகர், 2010-இல் பிகினி, 2013-இல் உன் பிசிக். பரிசும் கூட்டமும் படமும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தன. நான்கு முறை தொடர்ந்து மிஸ் ஒலிம்பியா வென்ற கிம் சிசெவ்ஸ்கியே பிறகு உடம்பைக் குறைத்துக்கொண்டு ஃபிட்னஸுக்குப் போனார். ஐரிஸ் கைல் பத்தாவது முறை வென்றது 2014-இல். அதோடு மிஸ் ஒலிம்பியாவையே நிறுத்திவிட்டார்கள். 2020-இல் திரும்ப நடத்தியபோது ஆண்ட்ரியா ஷா வென்றார். ஆறு வருட இடைவெளியில் எத்தனை பெண்களின் நல்ல வயது கழிந்துபோயிருக்கும்!

இன்னொன்று கவனித்தாயா? தசை அதிகமான பிரிவுகளில், பிசிக் வரைக்கும் வெறுங்கால். தசை குறையும் ஃபிகரிலிருந்து குதிகால் செருப்பு. கெண்டைக்கால் தசையைக் காட்டுவதற்காக என்று எனக்குச் சமாதானம் சொல்லாதே. பணிக்காலம் முழுவதும் மைதானத்தில் விசில் ஊதியவளிடம் அது எடுபடாது.

எல்லாப் பழியையும் நடுவர்கள் மேல் போடவும் எனக்கு மனமில்லை. தசை கூட்டும் ஸ்டீராய்டு ஊசி பெரிய காரணம். போட்டி ஏற ஏற, ஊசியில்லாமல் மேலே வர முடியாது என்ற நிலை வந்தது. ஆண்களுக்கும் அதே கேடுதான், இதயத்தையும் ஈரலையும் அது விட்டுவைப்பதில்லை. பெண்ணுக்கோ அதற்கு மேலும் உண்டு. குரல் ஒருமுறை தடித்துவிட்டால் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி திரும்பாமல் போகலாம். மாதவிலக்கு குழம்பும், முகத்தில் முடி வரும். பார்வையாளர்கள் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆகவே எந்தப் பிரிவில் நிற்பாய் என்பது உன் இஷ்டம், ஊசி விஷயத்தில் மட்டும் என் இஷ்டம். “லேசான டோஸ்தான், எல்லோரும் எடுக்கிறார்கள்” என்று எவராவது சொன்னால், அந்தக் கூடத்திலிருந்து அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு. கட்டிய பணம் போனால் போகட்டும்.

பிகினி பிரிவுக்குப் போனால் நான் கோபித்துக்கொள்வேன் என்று நினைக்காதே. அதற்கும் உழைப்பு உண்டு, பட்டினி உண்டு. உனக்கே அந்த உடம்பு பிடித்திருந்தால் போ. (மேடைச் சாயம் எந்தப் பிரிவிலும் எனக்குப் பிடிக்காது. நல்ல மாநிறத்தை எதற்குத் தார் பூசியதுபோல் ஆக்குகிறார்களோ!) ஆனால் ஒருவர் கண்ணுக்கு அடக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நாலு வருடம் கட்டிய தோளைக் கரைக்காதே. அந்தக் கண் அடுத்த வருடம் வேறொன்று கேட்கும்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது, கட்டாயமில்லை. பளுதூக்குதலையும் ஒருமுறை முயன்று பார். 2000-இல் சிட்னியில்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக அந்தப் போட்டி வந்தது. கர்ணம் மல்லேஸ்வரி 110-ம் 130-ம் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். அவர் முகத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. தூக்கிய எடையில் ஈரத்துக்கு என்று கழிக்கவும் ஆள் இல்லை. உன் வயதில் தொடங்கிப் பதக்கத்துக்குப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். மாநில அளவில் நின்றாலே எனக்குப் போதும்.

அத்தை, பெண் பார்க்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்கிறாள். பயப்படுகிறவன் வாசலோடு போகட்டும் என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருமென்று நானே எதிர்பார்க்கவில்லை.

தை மாதம் சித்தி வீட்டுக் கல்யாணம். உனக்குப் பச்சைப் பட்டு எடுத்தாகிவிட்டது. டெய்லரிடம் இருக்கும் உன் அளவு ரவிக்கைக்குள் இப்போது உன் கை நுழையாது. டேப் வைத்துத் தோள், மேல்கை, மார்பு மூன்றையும் அளந்து இந்த வாரமே அனுப்பு. இறுக்கிப் பிடித்து அளக்காதே.

அன்புடன்,
அம்மா