கறுத்த கோடெல்லாம் கிராஃபீன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் செயல்திட்டங்களில், லேசரால் உருவாக்கும் கிராஃபீன் (மின்சாரம் கடத்தும் மிக மெல்லிய கார்பன் அடுக்கு) சென்சார்கள் இடம்பெறுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் காப்டன் எனப்படும் பாலிஇமைடு பிளாஸ்டிக் தாளில் லேசரால் ஒரு கறுப்புக் கோடு வரைந்து, மல்டிமீட்டரில் ஓர் எண் தெரிந்ததும் ‘வளையும் மின்னணுச் சாதனம் தயார்’ என்று அறிவித்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டை விரலால் தேய்த்தால் கரி கையோடு வந்துவிடும். ரப்பரோடு அதைப் பிணைத்துக் கலப்புப்பொருளாக மாற்றுவதுதான் வேலையின் கடினமான பகுதி. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு 2014-இல் லேசரால் கிராஃபீன் வரையும் இந்த முறையை வெளியிட்டது. பலகை வெட்டும் கடைகளில் உள்ளது போன்ற கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டு, உலையோ வெற்றிட அறையோ இல்லாமல், திறந்த காற்றிலேயே பாலிஇமைடு தாளை நுண்துளைக் கிராஃபீனாக மாற்றினார்கள். நொடிக்குச் சுமார் 9 செ.மீ. வேகத்தில் 2.4 வாட்டுக்குக் கீழே கிராஃபீன் உருவாகவில்லை. 5.4 வாட்டில் தகட்டு மின்தடை (மெல்லிய அடுக்கின் ஒரு சதுரத்துக்கான மின்தடை), சதுரத்துக்குச் சுமார் 15 ஓம் வரை இறங்கியது. இந்த எண்களை அப்படியே நம் இயந்திரத்தில் போடுவது வீண். ஒளிப்புள்ளியின் விட்டம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். திறனையும் வேகத்தையும் படிப்படியாக மாற்றிச் சிறு சதுரங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் அளந்துதான் நமக்கான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விலை குறைந்த 40 வாட் லேசர் குழாய்கள் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் விட்டுவிட்டு எரியும், கோடும் துண்டு துண்டாகும். அப்போது திறனைக் கூட்டி, வேகத்தையும் கூட்ட வேண்டும்.

தாள் 125 மைக்ரான் தடிமன் இருப்பது நல்லது. 25 மைக்ரான் தாள் சுருளும், சில இடங்களில் ஓட்டையும் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கண்ணாடித் தகட்டின் மேல் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். குமிழி இருக்கும் இடத்தில் தாள் உயர்ந்து குவியம் தவறும்.

அடுத்தது சிலிக்கோன் ரப்பர். பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் திரவத்தையும் அதன் இறுக்கியையும் எடையில் 10-க்கு 1 என்ற அளவில் கலந்து, கிராஃபீன் மேல் ஏறக்குறைய 1 மி.மீ. உயரத்துக்கு ஊற்ற வேண்டும். பிறகு வெற்றிட ஜாடியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். இந்த அரை மணியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். துளைகளில் உள்ள காற்று வெளியேறாமல் ரப்பர் உள்ளே இறங்காது. உரிக்கும்போது பாதிக் கிராஃபீன் காப்டனிலேயே தங்கிவிடும். 70 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் இறுகவிட்டு, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிக்கலாம். ரப்பர் இறுகாமல் பிசுபிசுத்தால் கையுறையைப் பாருங்கள். லேட்டக்ஸில் உள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும். நைட்ரைல் கையுறை போதும். ரப்பருக்கு மாறியபின் மின்தடை கூடுவது இயல்புதான். எவ்வளவு கூடியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

பெரும்பாலான சாதனங்கள் இணைப்பில்தான் சாகின்றன. ஈயம் கரியில் ஒட்டாது, பற்றவைக்க முயலவே வேண்டாம். கோட்டின் முழு அகலத்துக்கும் வெள்ளிப் பசை பூசி, மெல்லிய செம்புக் கம்பியைப் பதித்து, அதன்மேல் சிலிக்கோன் ஊற்றி மூட வேண்டும். வளையும் பகுதியிலிருந்து இணைப்பு தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் நாம் அளப்பது விரலின் அசைவை அல்ல, பசையின் விரிசலை. மேலேயும் அதே தடிமனில் இன்னொரு ரப்பர் அடுக்கு வைத்தால் கிராஃபீன் நடுத்தளத்தில் அமையும், வளைக்கும்போது இழுவிசை குறையும். மின்தடை மாறாத கம்பித்தடம் வேண்டுமானால் அது நல்லது. திரிபை, அதாவது நீளும் அளவை, அளக்கும் சென்சாருக்கு அப்படிச் செய்யக்கூடாது.

மதிப்பிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கிராஃபீன்’ என்று எழுதியிருந்தால் ராமன் நிறமாலையை (பொருளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து அதன் அமைப்பை அறியும் சோதனையின் வரைபடத்தை) கேளுங்கள். 2700 செ.மீ.⁻¹ அருகே கிராஃபீனின் அடையாளமான, 2டி எனப்படும் கூர்மையான முகடு இல்லையென்றால் அது பெரும்பாலும் வெறும் கரி. எத்தனை மி.மீ. ஆரத்தில், எத்தனை முறை வளைத்தார்கள், முதல் மின்தடையும் கடைசி மின்தடையும் என்ன என்று கேளுங்கள். மணிக்கட்டில் கட்டும் சென்சார் என்றால், அசையாத கையில் உடல் சூடும் வியர்வையும் மட்டுமே எவ்வளவு மாற்றம் காட்டின என்றும் கேட்க வேண்டும். ஒருமுறை வளைத்துக் காட்டும் காணொளி சான்றாகாது. செய்தி வெளியிடும் முன் உங்கள் நிருபர்களும் இதைக் கேட்டால் நல்லது.

2018-இல் அதே குழு தேங்காய் ஓடு, துணி, காகிதம் ஆகியவற்றிலும், குவியத்தைச் சற்று விலக்கி ஒரே இடத்தில் பலமுறை லேசர் பாய்ச்சி, கிராஃபீன் எடுத்தது. இதைப் படித்துவிட்டுக் கையில் கிடைத்ததையெல்லாம் லேசருக்கு அடியில் வைக்கும் ஆர்வம் நமக்குக் கவலை தருகிறது. ரெக்சின் போன்ற பிவிசி பொருள்களை ஒருபோதும் வைக்கக்கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காப்டன் கருகும்போதும் கார்பன் மோனாக்சைடும் சிறிதளவு ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகும். புகையைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளும் குழாய் இல்லாத அறையில் இயந்திரத்தை இயக்க அனுமதிக்காதீர்கள். அதன் அக்ரிலிக் மூடி கார்பன் டை ஆக்சைடு லேசரைத் தடுக்கும். நீல டயோடு லேசரை அதே நிறமற்ற மூடி தடுக்காது, அதற்கு அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆய்வகப் பயிற்றுநர்கள்,
கோயம்புத்தூர்.