ஓடிபி இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது: வடசென்னை நூலக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையின் பொது நூலகங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் கணினி மேசைக்கு மேலே ஒரு விதிப்பலகை தொங்குகிறது. எந்த நூலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் தன்மையானவர்கள், அந்தப் பலகையை எழுதியவர்களும் அவர்கள் இல்லை. பலகை சொல்வது இதுதான்: ஒருவருக்கு அரை மணி நேரம். செல்போன் கூடாது. பென்டிரைவ் கூடாது. ஆதார் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. விளையாட்டு, சினிமா, யூட்யூப், சமூக வலைத்தளம் எதுவும் கூடாது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்தால் அந்த மேசையில் செய்வதற்கு உருப்படியான வேலை எதுவும் மிஞ்சவில்லை. பலகையை எழுதியவர் மனதில், தப்புப் பண்ண வரும் ஓர் ஆள் இருந்திருக்கிறார். விண்ணப்பம் போட வருகிறவர் அந்த மனதில் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் தண்டையார்பேட்டையில் பல வருஷம் பிரௌசிங் சென்டர் நடத்தியவன். பொதுக்கணினியில் ஜனங்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை ஓரளவு கண்ணால் பார்த்திருக்கிறேன். மலிவு டேட்டா வந்ததும் தொழில் படுத்துவிட்டது, அது கிடக்கட்டும். இன்று ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் கையில் போன் இல்லாதவர் குறைவு. அப்படியிருந்தும் நூலகக் கணினிக்கு ஏன் வருகிறார்கள்? பொழுதுபோக்க இல்லை. படம் பார்க்க, பாட்டுக் கேட்க போனே போதும். அரசுத் தேர்வு விண்ணப்பம், கல்லூரிக் கலந்தாய்வு, ரேஷன் கார்டு திருத்தம், மணலி, எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலை பார்த்தவரின் பி.எஃப். பணம் என்று நீளநீளமான படிவங்களைச் சின்னத் திரையில் நிரப்ப முடியாமல்தான் வருகிறார்கள். தனியார் கடையில் இதற்கு நூறு, இருநூறு கேட்பார்கள். நூலகத்தில் இலவசம், அதனால் வருகிறார்கள்.

இனி அந்த செல்போன் விதிக்கு வருகிறேன். அரசு வேலைத் தேர்வுகளை நடத்தும் டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருமுறைப் பதிவுக்கு, போனுக்கு வரும் ஓடிபி எண் வேண்டும். பி.எஃப். கணக்குக்கு ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும். ரேஷன் கார்டு தளத்திலும் அதே கதை. சான்றிதழ்களை இணையத்தில் வைத்திருக்கும் டிஜிலாக்கரைத் திறக்கவும் ஓடிபி. போனை வாசலில் கொடுத்துவிட்டு வந்து உட்கார் என்பது, குழாயில் தண்ணீர் வருகிறது ஆனால் குடம் கொண்டுவராதே என்பது மாதிரி. போனில் கத்திப் பேசுவார்கள், பக்கத்தில் படிப்பவருக்குத் தொந்தரவு என்று சொன்னால் சரி, ஒப்புக்கொள்கிறேன். சத்தத்தை அணைத்து வை, பேசுவதானால் வெளியே போ என்று எழுதினால் போதுமே. அடுத்தவர் திரையைப் படம் பிடிக்காதே என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். அது தேவையான வரி.

பென்டிரைவ் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. வைரஸ் பரவ அதுதான் ராஜபாட்டை. என் கடையில் வாரத்துக்கு ஒரு மெஷினாவது அதனால் படுக்கும். ஆனால் விண்ணப்பத்துக்குப் போட்டோ இத்தனை கேபிக்குள், கையெழுத்து இத்தனை கேபிக்குள் என்று ஏற்றச் சொல்கிறார்கள். அதை எதில் கொண்டுவருவது? மெயிலில் போட்டுக்கொண்டு வா என்பீர்கள். புதுக் கணினியில் மெயிலைத் திறந்தால் அது போனில் வந்து நீதானா என்று கேட்கும். போன்தான் வாசலில் இருக்கிறதே! ஒரே ஒரு கணினியை மட்டும் பென்டிரைவுக்கு என்று ஒதுக்கி, செருகியதும் ஸ்கேன் ஆகும்படியும், மறுதொடக்கம் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படியும் வைக்கலாம். பள்ளிக் கணினி ஆய்வகங்களில் இதைச் செய்கிறார்கள், புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்கேனரும் இருந்தால் பாதிப்பேருக்குப் பென்டிரைவே வேண்டாம்.

அரை மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நாங்களும் அரை மணி, ஒரு மணி என்றுதான் காசு வாங்கினோம். ஆனால் அது கடைக்கணக்கு. படிவம் நிரப்புகிறவருக்கு அரை மணி என்பது போட்டோவைச் சுருக்குவதற்கே போய்விடும். கடைசித் தேதி நெருங்க நெருங்க எதிர்முனை சர்வர் நத்தையாகிவிடும், அது இங்கே உட்கார்ந்திருப்பவரின் குற்றமா? இதைவிட மோசம், கட்டணம் கட்டும் பக்கத்தில் இருக்கும்போது நேரம் முடிந்து எழுப்புவது. பணம் கணக்கிலிருந்து போயிருக்கும், விண்ணப்பம் பதிவாகியிருக்காது. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க வங்கிக்கும் தளத்துக்கும் நடுவில் அலைகிறவர் தினக்கூலி வேலையில் இருந்தால் ஒருநாள் சம்பளமும் சேர்ந்து போகும். பின்னால் யாரும் காத்திருக்கவில்லை என்றால் நேரக் கணக்கே வேண்டாம். காத்திருந்தால் ஒரு மணி நேரம், டோக்கன் முறை. பணம் கட்டும் பக்கத்தில் இருப்பவரை முடிக்க விட வேண்டும். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பதை நூலகத்தின் விதிகளில் ஒன்றாக 1931-இலேயே எழுதிவைத்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் படத்துக்கு வருஷாவருஷம் ஆகஸ்டில் மாலை போடுகிறோம்.

அடுத்தது பதிவேடு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

2011-இல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. கணினிகளுக்கு நடுவில் உள்ள தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, தடுப்பில்லாத இடத்தில் திரை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், வருகிறவரின் அடையாளத்தைப் பதிவு செய்து ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. அதை மண்டையில் ஏற்றிக்கொண்டு கடை நடத்தியவன் நான். உங்கள் பலகை அந்த விதிகளின் நிழலில் எழுதப்பட்டது என்று அடித்துச் சொல்வேன். அவை தொழிலாகக் கடை நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியவை. சரி, நூலகத்துக்கும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். அதில்கூட ஆதார் மட்டும்தான் என்று இல்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், கல்லூரி அடையாள அட்டை என்று எதையாவது ஒன்றைக் காட்டினால் போதும். நீங்கள் மட்டும் ஏன் பன்னிரண்டு இலக்கத்தையும் ஒரு நீள நோட்டில் எழுத வைக்கிறீர்கள்? அந்த நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கிறது. மேலே பெயர், முகவரி, போன் எண், ஆதார் எண். அடுத்து எழுத வருகிறவர் முந்தின பத்துப் பேருடையதையும் படித்துவிட்டுத்தான் தன்னுடையதை எழுதுகிறார். மாலை வேளையில் தனியாக வரும் பெண்பிள்ளைகள் போன் எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்வது சரிதான் என்பேன்.

2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தேவைக்கு மேல் தகவல் வாங்காதே, தேவை முடிந்ததும் அழி என்பது அதன் சாரம். அரசுக்குச் சில விலக்குகள் அதில் உண்டு, கணினியில் ஏற்றாத காகித நோட்டுக்கு அது பொருந்தாது என்பதும் தெரியும். விலக்கு இருக்கிறது என்பதற்காக நோட்டைத் திறந்து போட வேண்டுமா? நூலக உறுப்பினர் எண்ணை எழுதினால் போதும், மற்ற விவரம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. உறுப்பினர் இல்லாதவர் ஏதாவது ஓர் அட்டையைக் காட்டட்டும், நூலகர் பார்த்துவிட்டுப் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும்.

பலகையில் இல்லாத ஒரு விதி இருக்கிறது, அதுதான் முதலில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணினியில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். யாரோ ஒருவரின் சாதிச் சான்றிதழ், இன்னொருவரின் வங்கிப் புத்தக முதல் பக்கம், மதிப்பெண் பட்டியல், வேலை தேடும் பெண்ணின் வீட்டு முகவரியோடு பயோடேட்டா. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று ஒரு பெட்டி குறுக்கே வரும், அது தொலைந்தால் போதும் என்று ஆமாம் அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். இதற்கு ஜனங்களைத் திட்டிப் பயனில்லை. கணினியைக் கெஸ்ட் கணக்கில் ஓட விடுங்கள், ஒருவர் கணக்கிலிருந்து வெளியேறியதும் எல்லாம் தானாக அழியும்படி அமைத்துவிடலாம். தினமும் நூலகம் மூடும்போது குப்பைத்தொட்டி உட்படக் காலி செய்யட்டும். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை, ஒரு மதிய நேரம் போதும். திரைக்கு முதுகுப்புறமாகப் போட்டிருக்கும் அந்தக் காத்திருக்கும் பெஞ்சையும் சுவர் பக்கம் நகர்த்துங்கள். நூலகர் கண்ணுக்குத் திரை தெரியட்டும், வரிசையில் இருப்பவர் கண்ணுக்கு வேண்டாம்.

வயது விதி எனக்குக் கொஞ்சம் கோபம் தந்தது. பிளஸ் டூ பிள்ளைக்குப் பதினேழு வயது. பொறியியல் கலந்தாய்வுக்கும் நீட் தேர்வுக்கும் விண்ணப்பிக்கிறது அந்தப் பிள்ளைதான், அப்பா அம்மா இல்லை. பல வீடுகளில் அப்பா கடலுக்குப் போயிருப்பார், அம்மாவுக்கு அந்த ஆங்கிலப் படிவம் ஓடாது. போட்டோ ஒட்டிய அடையாள அட்டை இருந்தால் சிறுவர்களை அனுமதிக்கலாம், இல்லாவிட்டால் பெரியவர் கூட வர வேண்டும் என்றுதான் அந்த 2011 விதிகளே சொல்கின்றன. கடைக்காரனுக்கு அரசு அனுமதித்ததை அரசு நூலகம் மறுக்கிறது. யூட்யூப் தடையும் அப்படித்தான். ஆபாசத் தளங்களைத் தடுங்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் அரசின் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் யூட்யூபில் இருக்கின்றன. ஹெட்போன் போட்டுக்கொள் என்றால் முடிந்தது.

பார்வையற்றவர்களுக்கு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வேண்டும். என்விடிஏ இலவச மென்பொருள், தமிழும் வாசிக்கும். இன்னொன்று, பழைய மெஷின்களில் ஓடும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. புதிது வாங்கப் பணம் இல்லை என்றால் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது, அதன் வேலையில் பெரும்பகுதி சென்னையில்தான் நடந்தது.

நிதி என்று வந்தால் ஒன்று சொல்ல வேண்டும். 1948-இன் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையில் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ என்று படிக்கவும் வேலை பார்க்கவும் ஓர் இடம் திறந்தார்கள், நல்ல விஷயம். எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போக எல்லோராலும் முடியாது. தெருமுனைக் கிளை நூலகம்தான் அவர்களுக்கு.

கடைசியாக, நூலகர்களுக்கு ஓர் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். இன்று நேரத்தை நீட்டிக்கக் கேட்டால் அவர் பலகையைக் காட்டுகிறார். ஆடிட்டில் கேள்வி வந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? நேரம், போன், வயது மூன்றிலும் சூழ்நிலை பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும். அப்புறம் புது விதிகளின் வரைவை எல்லாக் கிளைகளிலும் ஒட்டி, வாசகர் வட்டங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்துக்கு முன்னால் நடந்தால் நல்லது. கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள், ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகன் ஒருவன்