விஷக் கோப்பைக்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாக்ரடீஸ் என்றதும் பிள்ளைகளுக்கு விஷக் கோப்பைதான் நினைவுக்கு வருகிறது. கி.மு. 399இல் ஏதென்ஸில் அவருக்கு மரண தண்டனை விதித்தது உண்மைதான். அதற்கு முன் எழுபது வயதுவரை அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையல்லவா சொல்லித்தர வேண்டும்?

அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிவைத்த ஓர் உரையாடலை என் பேத்திக்குச் சொன்னேன். வடிவியலே படிக்காத அடிமைச் சிறுவனுக்குச் சாக்ரடீஸ் ஒரு சதுரம் வரைந்து காட்டுகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4. பரப்பு இரண்டு மடங்காக வேண்டுமானால் பக்கம் எவ்வளவு? பையன் 4 என்கிறான். பரப்பு 16 ஆகிவிடுகிறது. சரி, 3? 9 வருகிறது. தெரியவில்லை என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான், அந்தச் சதுரத்தின் மூலைவிட்டத்தையே பக்கமாக வைத்தால் பரப்பு 8 ஆகும் என்ற விடை வருகிறது. பேத்தியும் அதே 4, அதே 3 என்று போய் முட்டிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டிலின் தவறுகளையும் சேர்த்தே சொல்லலாம். கனமான பொருள்தான் வேகமாக விழும் என்றார் அவர். வகுப்பில் இரண்டு கற்களைப் போட்டுப் பார்த்தால் போதும். அடிமைமுறையை நியாயப்படுத்தியதையும் மறைக்க வேண்டாம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு போடும் இடத்தில் வாரம் ஒரு கேள்வி இப்படிப் போடுங்களேன்.

- ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, திருச்சி