கவிழ்த்த இரண்டு ஜாக்கிகள்

அன்புள்ள குணா,

ஐந்து மாதமாக எழுதவில்லை, தப்புதான். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவன் நீ; ஆகவே கணக்குச் சரி. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மற்றவை நேரில்.

மணிலா போக்கர் சீட்டுப் போட்டியில், கையில் வந்த இரண்டு ஜாக்கிச் சீட்டை (J) நான் பந்தயம் கட்டாமல் கவிழ்த்ததை அண்ணாச்சி சொன்னாராம். "இன்னும் அந்தப் பயம் போகவில்லையா?" என்று கேட்டிருக்கிறாய். மூன்று நாளாக அது மனத்தை உறுத்துகிறது.

போக்கர் மேசையில் நான்கு பேர் மிச்சம், பரிசோ மூவருக்குத்தான். நம் பணத்தில் 5,000, 3,000, 2,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள். நால்வரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு சில்லுகள். ஒரு மணி நேரமாக வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருந்த பெரியவர், திடீரென்று இரு கையாலும் தன் சில்லு முழுவதையும் நடுவே தள்ளினார். அவரிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால்கூட என் ஜாக்கிகள் 100-க்கு ஏறக்குறைய 55 முறை வெல்லும். பிறகு ஏன் விட்டேன்?

நேற்றிரவு சமையலறை மேசையில் புளியங்கொட்டைகளை நான்கு குவியலாக வைத்தேன். மொத்தப் பரிசு 10,000; ஆக ஒவ்வொன்றின் மதிப்பும் 2,500 வெள்ளி. பெரியவரின் குவியலை என்னுடையதோடு சேர்த்தேன். கொட்டை இரட்டிப்பானது, மதிப்பு 5,000 ஆகவில்லை, 3,833தான். மீதி 1,167 வெள்ளி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மற்ற இருவருக்கும் பாதிப் பாதியாகப் போய்விட்டது! தோற்றால் எனக்கு ஒன்றுமே இல்லை. 2,500-ஐப் பணயம் வைத்து 1,333 பெறுவதற்கு 100-க்கு 65 முறை வென்றாக வேண்டும். அந்தப் பெரியவரிடம் ஜாக்கிகளுக்கு அந்த வலு கிடையாது. இது பயமா, குணா?

இந்தக் கணக்கு உன் அப்பாவுக்குப் பிடித்திருக்கும். 1973-இல் டேவிட் ஹார்வில் குதிரைப் பந்தயத்துக்கு எழுதிய சூத்திரம் இது. முதலில் வரும் குதிரையை நீக்கிவிட்டு, மிஞ்சியவற்றில் இரண்டாவது எது என்று பார்ப்பது. அதையே 1987-இல் மேசன் மால்மத் போக்கருக்குக் கொண்டுவந்தார். சில்லுகளைப் பரிசுப் பணமாக மதிப்பிடும் ஐ.சி.எம். (Independent Chip Model) என்பது இதுதான். குதிரைக்குப் பதில் சில்லு, அவ்வளவுதான்.

ஆனால் நீ திட்ட வேண்டிய இடம் வேறு. அண்ணாச்சி அதைக் கவனிக்கவே இல்லை.

அந்தப் பெரியவர் அடுத்த சுற்றில் வேறொருவரிடம் தோற்று எழுந்துபோனார். மூவருக்கும் 2,000 உறுதியாகிவிட்டது. அந்த நொடியில் நான் மாறியிருக்க வேண்டும். மூவரிடமும் சமமாகச் சில்லு இருந்தால் 65 என்ற எல்லை 57-க்கு இறங்கிவிடுகிறது. அதோடு முதல் பரிசு மூன்றாவதைவிட 3,000 கூடுதல். நானோ பழைய ஆட்டத்தையே ஆடினேன். ஏஸும் பத்தும் வந்தன, கவிழ்த்தேன். இரண்டு ஏழு வந்தன, அவற்றையும் கவிழ்த்தேன். கட்டாயப் பந்தயமே என் சில்லுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசியில் எட்டுச் சில்லு இருந்தபோது எதை வைத்துத் தள்ளினேன் என்பதுகூட நினைவில்லை. மூன்றாமிடம்.

அந்த இரண்டு ஏழுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஜாக்கிகள் அல்ல.

சனிக்கிழமை ரயிலில் பட்டர்வொர்த்துக்கு வந்துவிடு, நிலையத்துக்கு வருகிறேன். மூன்று பேர் ஆட்டத்தை இன்னும் முழுதாகப் போட்டுப் பார்க்கவில்லை. கொட்டைகளை மேசையிலேயே விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
சேகர்